இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்

2020 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த என் தம்பி தட்டுவடை செட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டான். இது எவ்வளவு பெரிய சேதி என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் வைத்து, சட்னி தடவிக் கொடுப்பார்கள். ஆறு வயதிலிருந்து அவனுடைய சாயங்காலம் என்றால் அதுதான். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு போய் நிற்பான். அன்றைக்குத் தள்ளினான். மறுநாளும் தள்ளினான். நான்காம் நாள் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தால்தான் உள்ளே இறங்கியது. யாராவது தொட்டால் கையைத் தட்டிவிட்டான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "வயசு ஏற ஏற மூர்க்கம் வரும். இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்" என்றார். நாங்களும் மூன்று வாரம் அதை நம்பிக்கொண்டு இருந்தோம். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிடும்போது அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. பல்லைப் பிடுங்கிய நாலாம் நாள் அவன் தள்ளுவண்டிக்கு முன்னால் போய் நின்றான்.

மூன்று வாரம் அந்த வலியோடு இருந்திருக்கிறான். கன்னத்தில் அறைந்துகொண்டதே எங்களுக்கு இடத்தைக் காட்டத்தான். நாங்கள்தான் பார்க்கவில்லை.

தம்பிக்கு இப்போது 22 வயது. நான் அவனுக்கு 11 வயது மூத்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இத்தனை வருடத்தையும் யோசித்துப் பார்த்தால், அவனுக்கு அதிகக் கெடுதல் பண்ணியது அந்தச் சொந்தக்காரர் சொன்ன பேச்சுதான் என்று தோன்றுகிறது. டாக்டர் வாயிலிருந்தும் டீச்சர் வாயிலிருந்தும் எங்கள் வாயிலிருந்தும் அது வந்திருக்கிறது. அப்படி வந்தபோதெல்லாம், சரிபண்ணக்கூடிய ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. இப்படி ஒரு பிள்ளை புதிதாகப் பிறந்த வீட்டில் யாராவது இதைப் படித்தால், எங்களுக்கு ஆன தாமதம் அவர்களுக்கு ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2003 ஆவணியில் அவன் பிறந்தான். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை வராந்தாவில் ஒரு டாக்டர் அப்பாவிடம், "மங்கோல் பேபி. மூளை வளர்ச்சி இருக்காது" என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. பட்டறையில் ஒவ்வொருவரிடமும், "மங்கோல்னா என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் முகச்சாயலை வைத்துக் கொடுத்த பெயர் அது. எங்கள் பெயரை இப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று மங்கோலிய நாடு கேட்டுக்கொண்ட பிறகு, உலக சுகாதார நிறுவனம் 1965இலேயே அதை விட்டுவிட்டது. 38 வருடம் கழித்து எங்கள் வராந்தாவுக்கு அந்தப் பெயர்தான் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் யாராவது சொன்னால் திருத்துங்கள். "மங்கோல் இல்லீங்க, டவுன் சிண்ட்ரோம்" என்று டாக்டரிடம் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இது ஏன் வருகிறது என்பதை அப்பாவுக்கு நான் விளக்கிச் சொன்னது, பல வருடம் கழித்து லேப் படிப்பு படித்தபோதுதான். அவருக்குத் தெரிந்த கொலுசை வைத்தே சொன்னேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. மொத்தம் 23 ஜோடி, 46 உருப்படி. ஜோடி பிரித்து வைக்கும்போது 21ஆம் நம்பர் பெட்டியில் இரண்டுக்குப் பதில் மூன்று விழுந்துவிட்டால் 47 ஆகிவிடும். அந்தக் கூடுதல் ஒன்று இதயம், காது, தசை, மூளை என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தலையிடும். 1959இல் பிரான்சில் ஜெரோம் லெஜூனும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கண்டு சொன்னார்கள். 21ஆம் பெட்டியில் மூன்று என்பதால்தான் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி, மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் நாள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஜோடி பிரிக்கிறப்ப எண்ணிக்கை தப்பிருச்சு, அவ்வளவுதானா? உங்கம்மா மேல ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டார்.

ஒன்றுமே இல்லை. நூற்றுக்கு 95 பேருக்கு இது தற்செயலாக நடப்பது. கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா, யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய் என்று அம்மாவைக் கேட்காத ஆள் இல்லை. எட்டு வருடம் அவர் அதை மனதிலேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார். தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும் என்பது உண்மை. ஆனால் 20 வயதுத் தாய்க்கும் இப்படிப் பிள்ளை பிறக்கும். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும், அந்தக் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கக்கூடும். அதனால் குழந்தைக்கு ஒருமுறை கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை எடுத்து, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போது அது வேண்டியிருக்கும்.

தம்பி பிறந்தபோது பிள்ளை பார்க்க யாரும் வரவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை, வந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல்தான். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் மட்டும் முத்து வைத்த குட்டிக் கொலுசு ஒரு ஜோடி செய்து எடுத்து வந்தார். "பிள்ளை பொறந்த வீட்ல காலு வெறுமையா இருக்கலாமா?" என்று அவரே மாட்டிவிட்டார். அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இப்படி ஒரு வீட்டுக்கு நீங்கள் போக வேண்டி வந்தால், வேறு எந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனாலும் என்ன எடுத்துப் போவீர்களோ அதையே எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளையைக் கையில் வாங்குங்கள். மூக்கு யார் ஜாடை என்று பேசுங்கள்.

அந்த முதல் மூன்று மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. நாலு வாய் பால் உறிஞ்சுவான், விட்டுவிடுவான், தூங்கிப்போவான். ஃபேன் ஓடும்போதும் பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கும். எடை ஏறவே இல்லை. காட்டிய இடத்தில், "இந்தப் பிள்ளைங்க பால் குடிக்கச் சோம்பல்படும், அப்படித்தான்" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். தெருவுக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்படி வேர்க்கக் கூடாதும்மா. நெஞ்சை ஒரு தடவை எக்கோ எடுத்துப் பாருங்க" என்றார். இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவில் ஓட்டை. பால் குடிப்பதே அவனுக்கு மலை ஏறுகிற மாதிரி இருந்திருக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். ஸ்டெத்தில் சத்தம் கேட்காமலும் இருக்கலாம். அதனால் பார்க்க நன்றாக இருந்தாலும் பிறந்த உடனே எக்கோ எடுத்துவிட வேண்டும். நாங்கள் கடன் வாங்கி, சேலம் ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறி, சென்னையில் ஏழாம் மாதம் ஆபரேஷன் செய்தோம். இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை வருகிறது. கடனுக்கு அலைவதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1983இல் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயது. இப்போது 60ஐ ஒட்டி வந்துவிட்டது. அதில் பெரும் பங்கு, இதயத்தைச் சின்ன வயதிலேயே சரிசெய்ததால் வந்தது.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அவனுக்குத் தெம்பே வந்தது. தசை தொளதொளவென்று இருந்ததால் கழுத்து நிற்க, உட்கார, நடக்க எல்லாம் தாமதமானது. அம்மா அவனைக் குப்புறப் போட்டு, நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முன்னால் அந்தக் குட்டிக் கொலுசை ஆட்டுவார். சத்தம் வரும் பக்கம் தலையைத் தூக்குவான். எங்களுக்குத் தெரிந்த பிசியோதெரபி அவ்வளவுதான். இப்போது மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் வழி சொல்வார்கள். முதல் மூன்று வருடம் பொன்னான காலம், அதை விட்டுவிடாதீர்கள். தம்பி 2 வயது 4 மாதத்தில் நடந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழாதீர்கள். இவர்களின் உயரம், எடைக்குத் தனி வளர்ச்சி அட்டவணையே இருக்கிறது.

பேச்சு இன்னும் தாமதமாக வந்தது. இதில் எங்கள் தப்பு ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குப் புரிவது அதிகம், பேச வருவது குறைவு. கேள்வி காதில் விழுந்து, புரிந்து, பதிலைத் தேடி, அதை நாக்குக்குக் கொண்டுவர நேரம் ஆகிறது. நாங்கள் கேட்போம், இரண்டு விநாடி பார்ப்போம், பிறகு நாங்களே பதில் சொல்லிவிடுவோம். "என்ன கண்ணு வேணும்? தண்ணியா? இந்தா." பேச வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒரு அக்காதான், "கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஏழாவதிலோ எட்டாவதிலோ அவன் வாய் திறப்பான். கூடவே கைச்சாடையும் பழக்கினோம்: பால், போதும், இன்னும், வலி. சாடை பழகினால் பேச்சு வராது என்று பலர் பயமுறுத்தினார்கள். நடந்தது நேர்மாறாக இருந்தது. கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாயையும் திறந்தான். "வலி" என்ற சாடையைப் பெரியவனான பிறகும் நாங்கள் விடாமல் பழக்கியிருந்தால் அந்தப் பல்லுக்கு மூன்று வாரம் ஆகியிருக்காது.

ஒரு பள்ளிக்கூடம் இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். வட்டார வள மையத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சிறப்பாசிரியை ஒருவர் வருவார். எல்லாம் சரியாகப் போனது. இரண்டாம் வகுப்பில் டீச்சர், "சொன்னா கேக்கவே மாட்டேங்கறான். இந்தப் பிள்ளைங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, அப்படித்தான்" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வீட்டிலும் டிவி முன்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஐந்து மாதம் பிடிவாதத்துக்குத் தண்டனை வாங்கினான். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினால், இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, கெட்டியாகி நிற்கிறது. டீச்சர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நிஜம். சொன்னால் கேட்கவில்லைதான்.

இவர்களின் காதுத் துளை குறுகலாக இருக்கும், அழுக்கு அடைத்துக்கொள்ளும், உள்ளே நீர் வடிகிற பாதையும் சரியாக வேலை செய்யாது. நாலு பேரில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கும் திறன் குறைகிறது. சின்ன வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை காதைச் சோதிக்க வேண்டும். கண்ணும் அப்படியே; எங்கள் ஆள் ஐந்து வயதிலிருந்து கண்ணாடி போடுகிறான். செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்த மறுவாரம் அவன் சமையலறைப் பக்கம் திரும்பி, "குக்கர்" என்றான். விசில் சத்தம் அன்றுதான் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அந்த ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் கழுத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தசைநார் தளர்வாக இருப்பதால் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்பும் நகரக்கூடும். எந்த ஆபரேஷன் என்றாலும் நீங்களே முந்திக்கொண்டு இதைச் சொல்லிவிடுங்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை தடுமாறினாலோ, கழுத்து சாய்ந்தாலோ, திடீரென்று சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

படிப்பைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. தமிழில் 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தால் அவன் எழுந்து ஓடிவிடுவான். இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் பார்த்துக் கற்பது எளிது. சிறப்பாசிரியை முழுச் சொல்லாகத் தொடங்கச் சொன்னார். அட்டையில் எழுதி, கதவில் "கதவு", பானையில் "பானை" என்று ஒட்டினோம். என் பள்ளிக்கூடப் பையில் "அக்கா" என்று ஒட்டினேன். அவன் படித்த முதல் சொல் அதுதான். எழுத்தெல்லாம் பிறகு வந்தது.

கணக்குதான் மண்டையில் ஏறவில்லை. ஏழுக்கு மேல் குழம்பிவிடும். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தார். மாதம் ஒருமுறை பஸ்ஸில் போவோம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். அவனுக்கு வாந்தி வராமல் இருக்க முன்சீட்டில் உட்காரவைத்து, பலகையைக் காட்டிக்கொண்டே போவேன். பஸ் வளையும்போது உடம்பும் சாயும், எண்ணும் மாறும். ஒரு வருடத்துக்குள் 20 வரை தப்பில்லாமல் எண்ணினான். இறங்கும்போது பலகையைப் பார்த்து 20, 19, 18 என்று தலைகீழாகவும் சொன்னான். நோட்டில் ஏறாத கணக்கு மலையில் ஏறியது. உங்கள் பிள்ளை தினமும் பார்க்கிற, அவனுக்கு வேண்டிய ஏதோ ஒன்றில் எண் இருக்கும். அதைத் தேடுங்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்கு எழுதக் கஷ்டமானது. 2017இல் அவனுக்கு 14 வயது. கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானான். குளிக்க ஒரு மணி நேரம். எடை ஏறியது, தோல் காய்ந்தது, மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனான், சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டான். "வயசுக்கு வர்ற காலம், இந்தப் பிள்ளைங்க குண்டாகும், அப்படித்தான்" என்று இந்தத் தடவை சொன்னது நான். தினம் நாற்பது பேருக்குத் தைராய்டு பரிசோதனை செய்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ உறுத்தி, நானே அவனுக்கு ரத்தம் எடுத்தேன். தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். என்ற அளவு ஐந்துக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு 68. மெஷின் தப்போ என்று இரண்டாம் முறை ஓட்டினேன். அதே 68.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு எந்த வயதிலும் வரலாம், மிகவும் சாதாரணமாக வரும். பிறந்ததும், ஆறாம் மாதம், ஒரு வயதில், அதன் பிறகு ஆயுசு முழுக்க வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். மருந்து ஒரு சின்ன மாத்திரை, விலையும் குறைவு. வெறும் வயிற்றில் போட்டு, காப்பிக்கு அரை மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாயி கொடுத்தனுப்பிய காப்பித்தூள் டப்பாவின் மேலேயே மாத்திரைப் புட்டியை வைத்துவிட்டோம். அதை எடுக்காமல் டப்பாவைத் திறக்க முடியாது. மூன்று மாதத்தில் பழைய தம்பி திரும்பி வந்தான். குறட்டையும், உட்கார்ந்தபடியே தலையை முழங்காலில் கவிழ்த்துத் தூங்குவதும் மட்டும் போகவில்லை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டுக்கொண்டிருந்தது. டான்சில் எடுத்த பிறகுதான் பகலில் தூங்கி விழுவது நின்றது.

"இவங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க, பாசமானவங்க" என்பதும் அதே பேச்சின் இன்னொரு முகம்தான். அவனுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், மனசு உடையும். பார்க்கிறவர்களை எல்லாம் கட்டிப்பிடிப்பதைப் பத்து வயதோடு நிறுத்தினோம். வீட்டு ஆட்களுக்குக் கட்டிப்பிடி, தெரிந்தவருக்குக் கைகுலுக்கு, தெரியாதவருக்கு வணக்கம். உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தோம், யார் எங்கே தொடக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தோம். கூச்சப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள். சொல்லத் தெரியாத பிள்ளை என்று நினைப்பவர்கள்தான் தப்பாகத் தொட வருவார்கள்.

2022இல் அம்மாயி இறந்தார். அவனுக்குப் புரியாது, பயந்துவிடுவான் என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் மலைக்குப் போனோம். திரும்பி வந்த பிறகு அவனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவன் பேச்சைக் குறைத்தான். குளிக்க மறுத்தான். சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே பேசினான். காட்டிய டாக்டர் ஒருவர், இவர்களுக்கு மூளை சீக்கிரம் தேயும் என்றார். 40 வயதுக்கு மேல் மறதி நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இவனுக்கு அப்போது 18. தைராய்டு பார்த்தோம், காது பார்த்தோம், எல்லாம் சரி. ஒரு ராத்திரி கதவுக்கு வெளியே நின்று அவன் என்ன பேசுகிறான் என்று கேட்டேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." இருபது வரை போய், "அம்மாயி, வந்துட்டேன்" என்றான். மறுபடியும் ஒன்றிலிருந்து.

மறுநாளே ஏற்காடு பஸ் ஏறினோம். அம்மாயி இருந்த வீட்டைக் காட்டினேன், வேறு ஆட்கள் குடிவந்திருந்தார்கள். அடக்கம் பண்ணிய இடத்துக்குக் கூட்டிப்போய், "அம்மாயி செத்துப்போயிட்டாங்க. இனி வர மாட்டாங்க. எனக்கும் அழுகையா வருது" என்று சொன்னேன். "தூங்குறாங்க", "சாமிகிட்ட போயிட்டாங்க" என்று சொல்ல வேண்டாம் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னது நல்லதாகப் போயிற்று. சில்வர் ஓக் மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அழுதான். இறங்கும்போது எண்ணவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அவனாகவே குளித்தான். தனக்குத்தானே பேசுவது இன்னமும் உண்டு. அன்றைய நாளில் நடந்ததைச் சாயங்காலம் உட்கார்ந்து ஒருமுறை பேசிப் பார்ப்பான். இவர்களில் பலர் அப்படிச் செய்வார்கள், அது நோய் இல்லை. பேச்சின் போக்கு மாறும்போது மட்டும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

காகித விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் எடுத்துவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகாம் நாளைக் கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. துணைக்குப் போகிறவருக்கும் சேர்த்து ரயில் கட்டணச் சலுகை. பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு, கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000. பள்ளிக்கூடம் இடமில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள்: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. 18 முடிந்ததும் சட்டப்படி பெற்றோர் தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் என்ற தாய் தொடங்கிய டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கின்றன. வழி தெரியாமல் நிற்கிறவர்கள் அங்கே கேட்கலாம்.

தம்பி இப்போது அப்பாவின் பட்டறையில் வேலை பார்க்கிறான். நெருப்புப் பக்கமும் அமிலப் பக்கமும் விடுவதில்லை. மெருகு போட்டு வந்த கொலுசுகளைக் குவியலிலிருந்து எடுத்து ஜோடி சேர்த்து, கொக்கி சரியாக மாட்டுகிறதா பார்த்து, கவரில் போடுவது அவன் வேலை. ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு டிசைனை மற்றவர்கள் மாற்றிச் சேர்த்துவிடுவார்கள். அவன் சேர்த்ததில் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வேலையின் படிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். முதலாளி முதலில், "சும்மா வந்து உக்காந்திருக்கட்டும், பொழுது போகும்" என்றார். அப்பா விடவில்லை. "வேலை பார்த்தா கூலி குடுங்க, இல்லன்னா வேலை வேண்டாம்" என்றார். மற்றவர்களைப் போலச் சனிக்கிழமை அவன் கையிலேயே சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் தள்ளுவண்டியில் இரண்டு செட் வாங்குவான், ஒன்று அம்மாவுக்கு.

போன மாதம் நடையில் லேசாக நொண்டினான். டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன பண்ணுது?" என்றார். "அவனையே கேளுங்க டாக்டர், கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன். கேட்டார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். நாலில் டாக்டர் பேனாவைத் தட்டினார். ஏழில் என் வாய் திறக்கப் பார்த்தது, மூடிக்கொண்டேன். ஒன்பதில் தம்பி குனிந்து பேண்ட்டைச் சுருட்டி வலது முழங்காலைக் காட்டினான். "இங்க. படி... எறங்கறப்ப. ஏர்றப்ப இல்ல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டார். "எத்தனை நாளா தம்பி?"

தம்பி சுற்றிப் பார்த்தான். எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு சனிக்கிழமையின் மேல் விரலை வைத்தான்.